சூடு வைத்துப் புராஸ்டேட் அடைப்பைச் சரிசெய்வது: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் 31 வருஷம் மருந்து கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். காய்ச்சல், சளி என்றால் வாசலிலேயே சத்தமாகச் சொல்வார்கள். சிறுநீர் விஷயம் என்றால் மட்டும், மற்றவர்கள் போகும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்து, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

இந்த ரெண்டு மூன்று வருஷமாக அந்தக் கேள்விகளில் ‘சூடு’ நுழைந்திருக்கிறது. நீராவி, மைக்ரோவேவ், லேசர் என்று எதையாவது யாராவது போனில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதைச் சிறுநீர் வியாதிகளைப் பார்க்கும் யூராலஜி டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

குளிருக்குத்தான் ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறேன். இதுக்கெல்லாம் டாக்டரா, கம்பவுண்டர் ஐயா?

குளிரில் சிறுநீர் கூடுவது உண்மைதான். தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே ஒதுங்குகிறது. உடம்பில் நீர் மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிறது. ஆனால் குளிரால் வருவது தாராளமாக வரும். போய் நின்று, காத்திருந்து, முக்கி, நூல் மாதிரி வந்து, நடுவில் நின்று, திரும்பி வந்து படுத்ததும் இன்னும் மிச்சம் இருப்பது போலத் தோன்றினால் அது அடைப்பு. குளிர் செய்வது ஒன்று உண்டு: புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் உள்ள தசையை இறுக்கிவிடும். அதனால் ஏற்கெனவே இருக்கும் அடைப்பு டிசம்பர், ஜனவரிப் பனியில் வெளியே தெரிகிறது.

நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி இதுதான்: சித்திரையில் கீழே மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் போய்த் தங்கினீர்களே, அங்கே எத்தனை தடவை எழுந்தீர்கள்? அங்கேயும் மூன்று, நான்கு என்றால் குளிரை விட்டுவிடுங்கள். சர்க்கரை நோய், மாலையில் போடும் நீர் மாத்திரை, கால் வீக்கம், ஆறு மணிக்கு மேல் குடிக்கும் ரெண்டு டம்ளர் டீ, இவையும் ராத்திரியில் எழுப்பும். அதையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் டாக்டர். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் கழிப்பறை வெளியே இருக்கிறது. கரடியும் காட்டெருமையும் நடமாடும் இடத்தில், குரங்குக் குல்லாவோடு டார்ச் அடித்துக்கொண்டு ராத்திரிக்கு நாலு தடவை இறங்கிப் போவதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

புராஸ்டேட்னா என்ன? வீட்டுக்காரிக்கும் அது இருக்குமா?

இல்லை, ஆண்களுக்கு மட்டும்தான். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. விந்துவோடு சேரும் திரவத்தில் ஒரு பங்கை இது சுரக்கிறது. இளம் வயதில் ஏறக்குறைய 20 கிராம், பெரிய நெல்லிக்காய் அளவு. ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப்பேருக்கு இது வளரத் தொடங்கியிருக்கும். வெளிப்பக்கம் வளர்ந்தால் தொந்தரவு குறைவு. உள்பக்கம் வளர்ந்தால் குழாயை நெரிக்கும். அதனால் 40 கிராம் உள்ளவர் தவித்துக்கொண்டிருப்பார், 80 கிராம் உள்ளவர் நிம்மதியாக நடமாடுவார். ஸ்கேன் தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம்.

வீங்கியிருக்குன்னு எழுதியிருக்காங்க. அது கேன்சரா?

வயதால் வரும் வீக்கம் கேன்சர் இல்லை, அது கேன்சராக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்கு ரெண்டும் சேர்ந்து இருக்கலாம். அதற்காகத்தான் விரலை வைத்துப் பார்க்கிறார்கள், பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார்கள். விரல் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். அரை நிமிஷ வேலை அது.

புராஸ்டேட்டைச் சுருக்கக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு என்ற மாத்திரைகளை ஆறு மாதம், ஒரு வருஷம் சாப்பிட்டவர்களுக்கு பி.எஸ்.ஏ. அளவு பாதியாகக் காட்டும். தாளில் 3 என்று இருந்தாலும் உண்மையில் 6 ஆக இருக்கலாம். அந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாதீர்கள்.

உடம்புச் சூட்டாலதானே நீர்க்கடுப்பே வருது? சூட்டுக்கே சூடு வைக்கிறதா?

இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. நாம் ‘சூடு’ என்று சொல்வது தெர்மாமீட்டரில் தெரியும் சூடு இல்லை. தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி எரிந்தால் சூடு என்கிறோம். கிருமித் தொற்றில் எரிந்தாலும் சூடு என்கிறோம். அதற்கு இளநீரும் மோரும் வெந்தயமும் கொடுப்பது பழக்கம். தண்ணீர் உள்ளே போவதால் எரிச்சல் குறையவும் செய்யும். புராஸ்டேட் வளர்வது அந்தச் சூட்டால் வருவது இல்லை. வயதும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்கிற வேலை அது.

சிகிச்சையில் வைக்கிற சூடு வேறு. வளர்ந்த சதையில் ஒரு சிறு பகுதியை மட்டும் அளந்து சுட்டுச் சாகடிக்கிறார்கள். செத்த சதையை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. நெரிசல் விடுகிறது. உடம்பு முழுக்கச் சூடாவது இல்லை.

அப்போ தினமும் வெந்நீர்த் தொட்டியில உட்கார்ந்தாப் போதாதா?

இடுப்பளவு வெந்நீரில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தசை இளகும், சிறுநீர் கொஞ்சம் சுலபமாக வரும். சுகமாகவும் இருக்கும், உட்காருங்கள். ஆனால் சுரப்பி சுருங்காது. நாம் பொறுத்துக்கொள்ளும் வெந்நீர் 40 டிகிரி சொச்சம். அந்தச் சூடு தோலைத் தாண்டி உள்ளே போவதற்குள் ஓடுகிற ரத்தம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். கார் ரேடியேட்டரில் தண்ணீர் சுற்றுவதைப் போல. இன்னும் பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கும் இளவட்டங்கள் தினமும் இப்படி உட்கார வேண்டாம். விதைப்பை உடம்பைவிட ரெண்டு, மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும்.

உள்ளுக்குள்ள எத்தனை டிகிரி சூடு வைப்பாங்க? வெந்து போயிடாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டவர் டீ பாக்டரியில் இலை உலர்த்தும் ட்ரையர் பார்த்தவர். அதனால் அவர் பாஷையிலேயே சொன்னேன்: இலைக்கு எவ்வளவு சூடு காட்டினாய் என்று கேட்டால் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் காட்டினாய் என்றும் கேட்க வேண்டும். சதைக்கும் அதே கணக்குதான். 1984-ல் சபரேட்டோ, டூயி என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சூத்திரமாக எழுதி வைத்தார்கள். 43 டிகிரிதான் அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதே சேதத்துக்குத் தேவைப்படும் நேரம் பாதியாகும். 43-ல் ஒரு மணி நேரம் என்றால் 44-ல் அரை மணி, 45-ல் கால் மணி. அப்படியே ஏறிப் போனால், 70 டிகிரியில் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கு உயிருள்ள புராஸ்டேட்டில் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களில் அமெரிக்காவின் அரிசோனாவில் மேயோ கிளினிக்கில் இருந்த யூராலஜி டாக்டர் தேய்ன் லார்சன் ஒருவர். அவர் குழு ஒரு நேர்மையான வழியைப் பிடித்தது. எப்படியும் ஆபரேஷனில் சுரப்பியை எடுக்கப்போகிற நோயாளிகளுக்கு, முன்கூட்டியே மைக்ரோவேவ் சூடு கொடுத்தார்கள். அப்போது சுரப்பிக்குள் எந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று மெல்லிய உணர்கருவிகளை வைத்து அளந்தார்கள். பிறகு ஆபரேஷனில் எடுத்த சுரப்பியை நுண்ணோக்கியில் வைத்து, எந்த இடம் செத்திருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். 1996-ல் வெளிவந்த முடிவு இது: 45 டிகிரியும் அதற்கு மேலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் சதை ஒரே சீராகச் செத்திருந்தது. கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை. அந்த எல்லைக்கு வெளியே இருப்பதைக் காப்பாற்ற முடியும் என்று தெரிந்தது சூடு வைப்பதற்குத் தைரியம் கொடுத்தது. ‘வெந்து போயிடாதா’ என்ற உங்கள் பயத்துக்கு அவர்கள் தேடிய பதில்தான் இது.

மைக்ரோவேவ்னா நம்ம வீட்டு அவன் மாதிரியா? அதை ஏன் இப்ப யாரும் சொல்றதில்லை?

அதே வகை அலைதான். 1980-களின் நடுவில் இஸ்ரேலில் யெருஷல்மி என்ற டாக்டரின் குழு, ஆபரேஷன் தாங்காத நோயாளிகளுக்கு மலக்குடல் வழியாக மைக்ரோவேவ் கொடுத்துப் பார்த்தது. ஆரம்ப கால முறைகளில் சூடு 42, 43 டிகிரி அளவில்தான் நின்றது. பிறகு, கருவியை வைத்துவிட்டு உண்மையில் சூடு கொடுக்காத பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் ஏன் என்று புரியும். அந்தச் சூட்டில் சதை சாகவில்லை.

அடுத்து வந்தது சிறுநீர்க் குழாய் வழியாக உள்ளே போகும் கருவி. சிறுநீர் இறங்குவதற்காகப் போடும் கத்தீட்டர் குழாய்க்குள்ளேயே மைக்ரோவேவ் ஆன்டெனா. அதைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடும். குழாயின் உள்தோல் குளிர்ச்சியாக இருக்கும், அதற்குப் பின்னால் உள்ள சதை சூடாகும். மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1996-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. பல வருஷம் நிறையப் பேருக்குச் செய்தார்கள். 2000 அக்டோபரில் அதே எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கையும் வெளியிட்டது. குழாய் இடம் நகர்ந்ததாலும் சரியாக வைக்காததாலும் சிலருக்கு மோசமான தீக்காயங்கள் ஏற்பட்டிருந்தன. நோயாளியை அதிகம் மயக்கத்தில் வைப்பதும் ஆபத்து என்று அதில் சொன்னார்கள். ‘ஐயோ, எரியுது’ என்று நோயாளி சொல்வதும் ஒரு பாதுகாப்பு. அந்த வரியைப் படித்த நாளிலிருந்து, சிகிச்சை மேஜையில் வலியை அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். இப்போது இந்த முறை அரிதாகிவிட்டது. பலன் நடுத்தரம், திரும்பவும் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் அதிகம். நல்ல வழிகள் வந்துவிட்டன.

நீராவி விட்டுச் சரிபண்றாங்களாமே, அது எப்படி?

மைக்ரோவேவில் வேலை செய்த அதே லார்சன், நீராவி முறையின் முதல் ஆய்வுகளிலும் இருந்தார். இந்தத் தொடர்ச்சியை நான் முக்கியமாக நினைக்கிறேன். முந்தைய முறையில் சூடு மெல்ல மெல்லப் பரவியது. எவ்வளவு தூரம் போகும் என்பதை ரத்த ஓட்டம் தீர்மானித்தது. நீராவி அப்படி இல்லை. ரெசூம் என்ற கருவியில் குழாய் வழியாக உள்ளே போய், ஒரு மெல்லிய ஊசியைச் சுரப்பிக்குள் இறக்கி, 9 வினாடி நீராவி விடுகிறார்கள். ஊசியை எடுத்து, கொஞ்சம் தள்ளி, இன்னொரு 9 வினாடி. சுரப்பியின் அளவைப் பொறுத்துச் சில தடவை. முழு வேலையும் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். நீராவி சதையின் இடுக்குகளில் பரவி, குளிர்ந்து தண்ணீராகும் இடத்தில் தன் சூட்டை எல்லாம் கொட்டிவிடுகிறது. புராஸ்டேட்டின் உள்மண்டலத்தைச் சுற்றி இயற்கையாகவே சுவர் போன்ற ஒரு தடுப்பு இருக்கிறது. நீராவி அதைத் தாண்டிப் போவது இல்லை.

பச்சைத் தேயிலை செய்யும் பாக்டரியைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பறித்த கொழுந்துக்கு ஒரு நிமிஷத்துக்குள் ஆவி காட்டினால் போதும், இலை கறுப்பதற்குக் காரணமான நொதி செத்துவிடும். இலையின் உருவம் அப்படியே இருக்கும், உள்ளே ஒரு வேலை நின்று போயிருக்கும். இங்கேயும் அன்றைக்குப் பார்த்தால் சுரப்பி இருந்தபடியே இருக்கும், சொல்லப்போனால் கொஞ்சம் வீங்கியும் இருக்கும். ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, செத்த பகுதி ஏறக்குறைய முழுவதும் கரைந்து, சுரப்பி கால் பங்குக்கு மேல் சுருங்கியிருந்தது. எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது 2015-ல். 197 பேரை வைத்து நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களை ஐந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் நூற்றில் நாலைந்து பேர். இந்தியாவிலும் வந்துவிட்டது, ஆனால் பெரிய நகரங்களில் சில இடங்களில்தான். ஒரு நோயாளிக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் கருவி என்பதால் செலவு அதிகம். போனில் விசாரித்துவிட்டு மலை இறங்குங்கள்.

ஊட்டியில தண்ணி சீக்கிரமே கொதிச்சுடுதே. இங்க நீராவியில சூடு குறையாதா?

கேட்டது பத்தாம் வகுப்புப் பையன், தாத்தாவோடு வந்தவன். நல்ல கேள்வி. ஊட்டி 2240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். பருப்பு வேக நேரமாவது அதனால்தான். கருவியில் நீராவி 103 டிகிரி என்று சொல்கிறார்கள்.

ஆனால் நீராவியின் பலம் அதன் டிகிரியில் இல்லை. ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது விடுகிற உள்ளுறை வெப்பம் ஏறக்குறைய 540 கலோரி. அதே ஒரு கிராம் கொதிநீர், உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது விடுவது 63 கலோரிதான். இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டால் கொதிநீர் தெறித்ததைவிட மோசமாகப் புண்ணாவது இதனால்தான். குறைந்த சூட்டில் கொதிக்கும்போது இந்த உள்ளுறை வெப்பம் ஒரு துளி கூடவே இருக்கும். ஏழெட்டு டிகிரி குறைந்தால் இழப்பது ஏழெட்டுக் கலோரி, அதில் பாதியை அந்தக் கூடுதல் ஈடுகட்டிவிடும். ஆக, மலை உயரம் இதைக் கெடுக்காது தம்பி. தாத்தாவைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போ.

கரண்ட் வைச்சுச் சுரண்டுறதும் லேசரும்கூடச் சூடுதானே?

ஆமாம், ரெண்டும் சூடுதான், வெட்டுகிற சூடு. டி.யு.ஆர்.பி. என்று எழுதியிருப்பது அந்தக் கரண்ட் முறை. 1926-ல் மாக்சிமிலியன் ஸ்டெர்ன் என்பவர் சிறுநீர்க் குழாய் வழியாகவே உள்ளே போய், மின்சாரம் ஓடும் கம்பி வளையத்தால் சதையைச் சீவும் கருவியைக் கொண்டுவந்தார். அதை மெருகேற்றியவர்களில் ஒருவரான தியடோர் டேவிஸ், டாக்டராவதற்கு முன்னால் மின் பொறியாளர். ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் மற்ற முறைகளை இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். நம் பக்கத்து அரசு மருத்துவமனைகளிலிருந்து கோவைக்கு அனுப்பினால் பெரும்பாலும் செய்வது இதுதான்.

லேசரில் ஹோல்மியம், தூலியம் இரண்டும் சதையில் உள்ள தண்ணீரைச் சூடாக்கி வெட்டுகின்றன. பச்சை லேசர் ரத்தச் சிவப்பால் உறிஞ்சப்பட்டுச் சதையை ஆவியாக்குகிறது. ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து கழற்றுவதைப் போல உள்சதையை முழுசாக எடுக்கும் ஹோல்மியம் முறையை 1990-களில் நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் வளர்த்தெடுத்தார். 100 கிராமுக்கு மேல் வளர்ந்த சுரப்பிக்கும் அது ஒத்துவரும்.

சரி, இதுல எது நல்லது? ஒண்ணைச் சொல்லுங்க.

ஒன்றைச் சொல்ல முடியாது, ஆனால் எப்படிப் பிரிப்பார்கள் என்று சொல்கிறேன். தொந்தரவு லேசானது என்றால் மாலை டீயைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கலாம். அடுத்தது மாத்திரை. டாம்சுலோசின் தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், உட்கார்ந்து எழுங்கள். மாத்திரை பிடிக்கவில்லை, தாம்பத்தியம் முக்கியம், சுரப்பி 30 முதல் 80 கிராம் வரை என்றால் நீராவி பொருந்தலாம். சுரப்பி பெரியது, சிறுநீர் அடைத்து நின்றுவிட்டது, சிறுநீரகம் வீங்குகிறது, கல் சேர்ந்திருக்கிறது என்றால் டி.யு.ஆர்.பி.யோ லேசரோதான். அங்கே காத்திருந்து சுருங்கட்டும் என்று விட நேரம் இல்லை.

சீவி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பலாம், கேன்சர் ஒளிந்திருந்தால் தெரியும். நீராவியில் சதை வெளியே வருவது இல்லை. அதனால் அதற்கு முன்னால் பி.எஸ்.ஏ., தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. கட்டாயம் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: உங்கள் சிறுநீர்ப்பை எந்த நிலையில் இருக்கிறது? பத்து வருஷம் அடைப்போடு முக்கி முக்கித் தள்ளிய பை தொய்ந்து போயிருந்தால், எந்தச் சூட்டை வைத்துப் பாதையைத் திறந்தாலும் தள்ளுவதற்குப் பலம் இருக்காது. போன பலம் பலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை. ‘குளிருக்குத்தான்’ என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்து நான் கோபப்படுவது இதற்காகத்தான்.

செஞ்ச அன்னைக்கே ஒண்ணுக்கு நல்லா வருமா?

டி.யு.ஆர்.பி., லேசர் என்றால் குழாயை எடுத்ததுமே பீச்சிக்கொண்டு வரும். நீராவியில் நேர்மாறு. முதலில் சுரப்பி வீங்கும், சில நாள் கத்தீட்டர் குழாயோடு இருக்க வேண்டும், எரிச்சலும் அவசரமும் ரெண்டு மூன்று வாரம் இருக்கும், கொஞ்சம் ரத்தமும் தெரியலாம். பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும், முழுப் பலனுக்கு மூன்று மாதம். ரெண்டாவது வாரத்தில் ‘ஏமாந்துட்டேன்’ என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

குழாயோடு மலை ஏறுபவர்களுக்கு: குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டியில் 36. புறப்படும் முன்னால் குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பையைக் காலி செய்யுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். மடியில் வைத்தால் சிறுநீர் திரும்பி ஓடும். குழாயைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடச் சொல்லுங்கள். வளைவில் உடம்பு சாயும்போது இழுபடாது.

அந்த விஷயம்... கெட்டுப் போயிடுமா?

திண்ணையில் கடைசியாக, பெரும்பாலும் செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு வரும் கேள்வி. விறைப்பு வேறு, விந்து வெளிவருவது வேறு. டி.யு.ஆர்.பி.க்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். ஆபத்து இல்லை, அடுத்த முறை சிறுநீரோடு போய்விடும். சுகத்தில் சிலருக்கு வித்தியாசம் தெரியும். விறைப்பு பெரும்பாலும் கெடுவதில்லை. நீராவியில் ரெண்டுமே பெரும்பாலானவர்களுக்கு முன்பு போலவே இருக்கும். இதை டாக்டரிடம் முன்னாலேயே கேளுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டவர்கள், பிறகு வந்து வருத்தப்பட்டதை நான் பார்த்தது இல்லை.

எங்கப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடுறார். சூடு வைக்கலாமா?

பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மைக்ரோவேவ் கூடாது. அதன் அலை கருவியைக் குழப்பும். கரண்ட் முறையிலும் முன்னேற்பாடு வேண்டும், இதய டாக்டரின் கடிதம் வாங்குங்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசர் முறைகளில் ரத்தப்போக்கு குறைவு. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

புராஸ்டேட் கேன்சருக்கும் சூடு வைக்கிறாங்களாமே?

வைக்கிறார்கள். செறிவூட்டிய ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்து, அங்கே 80 டிகிரிக்கு மேல் ஏற்றும் முறை ஒன்று உண்டு. வெயிலில் லென்ஸ் பிடித்து இலையைச் சுடுவதைப் போல. தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும்தான் அது. சிறுநீரகத்தில் வரும் சின்னக் கட்டிகளை ஊசி நுனிச் சூட்டால் சுடுவதும், சிறுநீர்ப்பைக் கேன்சருக்கு மைட்டோமைசின் மருந்தை 42 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உள்ளே வைப்பதும் உண்டு. அந்த 42 டிகிரி முக்கியமாக மருந்து நன்றாக உள்ளே இறங்கி வேலை செய்வதற்கு. இவற்றுக்கும் வயதால் வரும் வீக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சளி மாத்திரை போட்டதும் ஒண்ணுக்கே நின்னுடுச்சுன்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

நிஜம். என் மாமாவுக்கே நடந்தது. ஜனவரிப் பனியில் மூக்கடைப்பு, கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை ரெண்டு. மூக்கடைப்புக்குச் சேர்க்கும் ஃபீனைலெஃப்ரின் புராஸ்டேட் தசையை இறுக்கும். கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமைன் சிறுநீர்ப்பையின் தள்ளும் பலத்தைக் குறைக்கும். ஏற்கெனவே பாதி அடைத்த பாதை அன்று முழுசாக அடைத்தது. ராத்திரி ஒரு மணிக்கு நான் போனபோது கட்டிலில் உட்காரவும் முடியாமல், படுக்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிவயிறு கல் மாதிரி, தொப்புள் வரை. அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. ஜீப் பிடித்துக்கொண்டு போன முதல் இடத்தில் சரியான அளவுக் குழாய் இல்லை. அடுத்த இடத்தில் கத்தீட்டர் போட்டதும் பையில் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. ‘அப்பாடா’ என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இப்படி நின்றுவிட்டால் தண்ணீர் குடித்துப் பார்க்காதீர்கள், பார்லி கஞ்சி காய்ச்சிக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே. மஞ்சூர், பந்தலூர்ப் பக்கம் தூரத்தில் இருப்பவர்கள் 108-ஐக் கூப்பிடுங்கள். சளி மாத்திரை வாங்கும்போது ‘எனக்குப் புராஸ்டேட் வீக்கம் இருக்கு’ என்று கடையில் சொல்லுங்கள். பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லுங்கள்.

மாமனார் வரவே மாட்டேங்கிறார். டாக்டர்கிட்ட நான் என்ன கொண்டுபோறது?

ஒரு மருமகள் கேட்டது. அவர் வராமல் நடக்காது அம்மா, ஆனால் வேலையைச் சுருக்கலாம். மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனார் என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். பழைய ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை வெட்டி, பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தால் அளந்துவிடுவார். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஏழு கேள்வி கேட்டு 35-க்கு மார்க் போடுவார்கள். 20-ஓ அதற்கு மேலோ என்றால் தொந்தரவு கடுமை. யூரோஃப்ளோ என்று ஒரு கருவிக்குள் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள், வேகம் வினாடிக்கு 15 மில்லி இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே என்றால் அடைப்புக்கு வாய்ப்பு அதிகம். பிறகு ஸ்கேனில் உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சிறுநீர்ப்பையின் நிலை அதில் ஓரளவு தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எந்த முறைக்குக் கிடைக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடலாம்.

பஸ்ஸில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்று பயந்துதான் பாதிப்பேர் கோவைக்குக் கிளம்ப மறுக்கிறார்கள். உங்கள் மாமனாரும் அப்படித்தான் இருப்பார், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். காலையில் டீ கொடுக்காமல் முதல் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் போக நேரம் இருக்கிறது என்று முந்தின நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.